முதல் மீன் தொட்டிக்கு ஃபில்டர்: எதை வாங்குவது, எப்படிக் கழுவுவது

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கும் வீடுகளில் மீன் சாவது பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்தான். நேற்று வரை துறுதுறுவென்று திரிந்த மாலி இன்று காலையில் தண்ணீரின் மேல்மட்டத்தில் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். சாயங்காலத்துக்குள் போய்விடும். கடைக்காரர் சரியில்லாத மீனைத் தந்துவிட்டார் என்று வீட்டில் பேச்சு வரும். தண்ணீரோ பளிச்சென்று தெளிவாக இருக்கும். பெரும்பாலும் அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் பிரச்சினை. அதைத் தீர்க்க வேண்டிய பொருள் ஃபில்டர். தொட்டி, கல், செடி, மீன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் "அண்ணா, இதுக்கு ஒரு மோட்டார் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

இந்தக் கட்டுரை இரண்டடி, மூன்றடி நன்னீர்த் தொட்டி வைக்கப்போகிறவர்களுக்கு. கப்பி, மாலி, டெட்ரா, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் என்று சென்னை கொளத்தூரிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் மீன்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடல்நீர்த் தொட்டிக்கு விதிகள் வேறு. அதை இங்கே தொடவில்லை.

ஃபில்டரின் உண்மையான வேலை

ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது அழுக்கைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அது இரண்டாவது வேலை.

மீன் தன் செவுள் வழியாக எந்நேரமும் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு, அழுகிய இலை எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் அமோனியாவைத் தரும். குளத்தில் இது பெரிய விஷயமில்லை. தண்ணீர் அவ்வளவு இருக்கிறது. ஐம்பது லிட்டர் தொட்டியில் இது செவுளை அரித்து மீனைக் கொல்லும். இதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவு இருந்தாலும் பெரும்பாலும் நம் மூக்குக்குத் தெரியாது.

இந்த அமோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், அது மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்பவை அல்ல. எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் பெருகும். கல்லிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் இருக்கும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சின் துளைகளிலும், நுண்துளைகள் நிறைந்த செராமிக் வளையங்களிலும் ஏராளமாக இருக்கும். அவற்றுக்கு இரண்டு தேவை: நிற்காமல் ஓடும் தண்ணீர், அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன். இந்த இரண்டையும் தந்து அவற்றைக் குடிவைக்கும் இடம்தான் ஃபில்டர். எதை வாங்குவது, எப்போது கழுவுவது, எதை எப்போதும் செய்யக் கூடாது என்று இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

நம் ஊரில் இதில் கூடுதல் கவனம் தேவை. தண்ணீரில் கரையும் அமோனியாவில் ஒரு பகுதிதான் கொடிய வடிவத்தில் இருக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் அந்தப் பகுதி ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கிறது; சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அதே அளவு தீனி, அதே அளவு கழிவு, ஆனால் விஷம் பத்து மடங்குக்கு மேல். போதாததற்குச் சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து "சின்ன ஃபில்டர் போதும்" என்று முடிவு செய்யாதீர்கள்.

முதல் படி: தொட்டியின் கொள்ளளவு

கடையில் தொட்டியை அடிக்கணக்கில் சொல்வார்கள். ஃபில்டர் பெட்டியில் லிட்டர் போட்டிருக்கும். கணக்கு எளிது: நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்குங்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் 56 லிட்டர். மேலே விடும் இடைவெளி, அடியில் போடும் கல் எல்லாம் போகத் தண்ணீர் 45 லிட்டர் வரும். மூன்றடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் 190 லிட்டர் அளவில் வரும்.

முடிந்தால் பெரிய தொட்டியாக எடுங்கள். தண்ணீர் அதிகம் இருந்தால் தவறு நடந்தாலும் விஷம் மெதுவாக ஏறும்; சரிசெய்ய உங்களுக்கு ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் ஒழுங்கான ஃபில்டர் வைக்க இடமில்லை, கோல்டு ஃபிஷ்ஷோ அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன்.

இரண்டாம் படி: எந்த வகை

முதல் தொட்டிக்கு, அதுவும் இரண்டடிக்குள் என்றால், என் பதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். பார்க்க எளிமையான பொருள். ஒரு கனமான அடித்தட்டு, அதன் மேல் உருளையாக ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச், நடுவில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் குழாய். வெளியே இருக்கும் ஏர் பம்பிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் உள்ளே போகும். காற்றுக் குமிழ்கள் நடுக்குழாய் வழியாக மேலே ஏறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே வரும். அழுக்கு ஸ்பாஞ்சின் மேல்பரப்பில் நின்றுவிடும், பாக்டீரியா அதன் உள்ளே குடியிருக்கும். தண்ணீருக்குள் மின்சாரம் இல்லை. கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. கப்பி, மாலி குட்டி போட்டால் குட்டிகளை உறிஞ்சி இழுத்துக்கொள்ளாது. குட்டிகள் ஸ்பாஞ்சின் மேல் மேய்வதைக்கூடப் பார்க்கலாம். விலையும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இதில் ஒற்றை ஸ்பாஞ்ச், இரட்டை ஸ்பாஞ்ச் என்று இரண்டு வகை உண்டு. இரட்டையையே வாங்குங்கள். காரணம் கழுவும் நாளில் தெரியும்: இந்த முறை ஒன்று, அடுத்த முறை இன்னொன்று என்று கழுவலாம், பாதிப் பாக்டீரியா எப்போதும் தொடாமல் இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கும்போது ஸ்பாஞ்சை அமுக்கிப் பாருங்கள். உடனே எழும்பி வர வேண்டும். துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் இடம் பிடிக்கும், பார்க்க அழகில்லை, ஏர் பம்பின் உறுமல் படுக்கையறையில் தொந்தரவாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தூசியை அவ்வளவு நன்றாகப் பிடிக்காது.

அடுத்தது தண்ணீருக்குள் உறிஞ்சியால் ஒட்டிவைக்கும் இன்டர்னல் ஃபில்டர். உள்ளே ஒரு சின்ன மோட்டார், கீழே ஸ்பாஞ்ச் வைத்த கூடு. இரண்டடித் தொட்டிக்கு இதுவும் நல்லதுதான், தண்ணீர் ஸ்பாஞ்ச் ஃபில்டரைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் மலிவான மாடல்களில் ஸ்பாஞ்ச் விரல் நீளத்துக்குத்தான் இருக்கும். பாக்டீரியாவுக்கு அது போதாது. மோட்டாரின் வேகத்தைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் தொங்கவிடும் ஹேங்-ஆன் வகையும், மேலே நீளமாக உட்காரும் டாப் ஃபில்டரும் இரண்டரை, மூன்றடித் தொட்டிகளுக்கு ஏற்றவை. கையை நனைக்காமல் திறந்து பார்க்கலாம், செராமிக் வளையங்கள் போட இடம் இருக்கும். ஹேங்-ஆன் வாங்கினால் தொட்டியின் மூடி அதற்கு இடம் விடுமா என்று முதலில் பாருங்கள். கோல்டு ஃபிஷ் வைக்கிறவர்களுக்கு டாப் ஃபில்டர் மிகவும் உதவும். உறிஞ்சும் வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் உறை மாட்டிவிட்டால் குட்டி மீன்கள் தப்பிக்கும்.

கேனிஸ்டர் என்பது தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கும் மூடிய டப்பா. மூன்றடிக்கு மேல், ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் என்று பெரிய மீன்கள் என்றால் அதற்குப் போகலாம். முதல் தொட்டிக்கு அவசியமில்லை. கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் இப்போதும் சில கடைகளில் தருகிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் அடைத்துக்கொண்டால் தொட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். வேண்டாம்.

மூன்றாம் படி: பெட்டியில் உள்ள எண்கள்

மோட்டார் உள்ள ஃபில்டர்களின் பெட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அது ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல் வெறும் மோட்டார் தள்ளும் அளவு. உள்ளே ஸ்பாஞ்ச், வளையம் எல்லாம் போட்டு, அதில் கொஞ்சம் அழுக்கும் சேர்ந்த பிறகு அது கணிசமாகக் குறையும். அதனால் தொட்டி லிட்டரைப்போல ஐந்து மடங்கு போட்டிருப்பதை எடுங்கள். 50 லிட்டருக்கு 250. கோல்டு ஃபிஷ் என்றால் எட்டு முதல் பத்து மடங்கு.

ஃபைட்டர் மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட துடுப்போடு அது ஓட்டத்தை எதிர்த்து நீந்தமுடியாமல் மூலையில் ஒதுங்கிவிடும். அதற்கு மெதுவாகக் குமிழ் விடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரே சரி. "ஃபைட்டருக்கு ஃபில்டரே தேவையில்லை" என்று கடைகளில் சொல்வார்கள். அது காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் குறைந்த ஆக்சிஜனில் தாக்குப்பிடிக்கும். அமோனியா அதையும் கொல்லும்.

அப்புறம் கரன்ட் பில். இந்தப் பயத்தில்தான் பலர் இரவில் ஃபில்டரை நிறுத்துகிறார்கள். 5 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட். இரண்டு மாத பில்லில் ஏழு யூனிட் சொச்சம். 15 வாட் மோட்டார் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள். ஃபில்டரை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். தண்ணீர் ஓடாமல் சில மணி நேரம் நின்றால் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். செடி உள்ள தொட்டிகளில் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் இரவில்தான் ஃபில்டர் இன்னும் அவசியம்.

நான்காம் படி: மாட்டுவது

ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மக் தண்ணீரில் அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் மிதக்கும். தொட்டியின் பின்மூலையில், அடியில் உட்காரவையுங்கள். ட்யூபை மாட்டுங்கள்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு அலமாரித் தட்டிலோ ஆணியிலோ வையுங்கள். கீழேதான் வைக்க முடியும் என்றால் ட்யூபின் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்று மாட்டியே ஆக வேண்டும். கரன்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி இறங்கி, பம்புக்குள் புகுந்து, அப்படியே தரையிலும் சுவிட்ச் பாக்ஸிலும் ஒழுகும். பத்து இருபது ரூபாய் வால்வ் அதைத் தடுக்கும். அதற்கு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று உண்டு. மாட்டுவதற்கு முன் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகும் திசை தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஒயர்களை நேராகப் பிளக்குக்கு இழுக்காதீர்கள். பிளக் பாயிண்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். ஒயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் போட வேண்டாம். தொட்டிக்குள் கை வைக்கும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் அணைந்த பிறகும் கரன்ட் இருக்கக்கூடும். கரன்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குப் போட்டிருந்தால் நல்லது.

மோட்டார் வகை என்றால் தண்ணீர் வெளியே விழும் வாயை மேற்பரப்புக்குச் சற்றே கீழே வைத்து, மேற்பரப்பு அலையும்படி திருப்புங்கள். ஆக்சிஜன் தண்ணீரில் கலப்பது பெரும்பாலும் அந்த அலையும் மேற்பரப்பு வழியாகத்தான்.

உள்ளே போடும் பொருட்களுக்கு வரிசை உண்டு. தண்ணீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்சைத் தொட வேண்டும், பிறகு வெள்ளைப் பஞ்சு, கடைசியில் செராமிக் வளையம். அழுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் வளையங்களின் துளைகள் அடைக்காது. கார்பன் பாக்கெட்டை அன்றாடத் தேவைக்குப் போட வேண்டியதில்லை. சில வாரங்களில் அது நிறைந்துவிடும். மீனுக்கு மருந்து கொடுத்து முடித்த பின் மிச்ச மருந்தை எடுக்க, மரக்கட்டை விடும் மஞ்சள் நிறத்தைப் போக்க என்று அவ்வப்போது பயன்படுத்தலாம். அந்த இடத்தில் இன்னும் நாலு வளையம் போடுவது மேல்.

ஐந்தாம் படி: மீன் வருவதற்கு முந்தைய வாரங்கள்

ஃபில்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது. இப்போது மீன் விடலாமா? கூடாது. புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இன்னும் இல்லை. அது பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் சில சமயம் சற்று முன்னதாகவே முடியும்.

மெட்ரோ தண்ணீர், நகராட்சித் தண்ணீர் என்றால் முதலில் ஆன்டி-குளோரின் போடுங்கள். குளோரின் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் தொட்டி வைக்காதீர்கள். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும், ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதால் பி.எச். சரிந்து பாக்டீரியா படுத்துவிடும். போர் தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அமோனியா உண்டாகும், அதைத் தின்னப் பாக்டீரியா வரும். சொட்டு மருந்தில் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் இருந்தால் போதும். முதலில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, தீனி போட்டுக்கொண்டே இருந்தும் சில நாள் பூஜ்யத்திலேயே நின்றால் ஃபில்டர் தயார். இடையில் தண்ணீர் பால் நிறத்தில் கலங்கலாம். பயந்து கழுவாதீர்கள், தானாகத் தெளியும்.

இதைச் சீக்கிரம் முடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் மீன்கள் ஆரோக்கியமாக இருக்கும் பழைய தொட்டி இருந்தால், உங்கள் ஸ்பாஞ்சை அவர் தொட்டியில் மூன்று நான்கு வாரம் ஓடவிட்டு எடுத்து வாருங்கள். அல்லது அவருடைய பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி உங்கள் ஃபில்டரின் மேல் ஊற்றுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். கொண்டுவரும் வழியில் ஸ்பாஞ்ச் காயக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கி வர வேண்டும். கடையின் தொட்டியிலிருந்து இப்படி எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். பல இடத்து மீன்கள் வந்துபோகும் தொட்டி அது, நோயும் கூடவே வரும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினாலும் டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டும் வரை நம்ப வேண்டாம்.

தயாரான பிறகும் ஒரே நாளில் பதினைந்து மீன் விடாதீர்கள். மூன்று நான்கு விட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று நான்கு. வரும் கழிவுக்கு ஏற்றபடிதான் பாக்டீரியாவின் அளவு இருக்கும். திடீரென்று கூட்டினால் அதற்கு நேரம் வேண்டும்.

சரி, ஏற்கெனவே மீனை வாங்கி விட்டுவிட்டீர்கள் என்றால்? ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், அமோனியா தெரிந்தால் தினமும் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஆரோக்கியமான மீன் ஒருநாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆறு வாரம் இப்படிப் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

ஆறாம் படி: கழுவுவது

முதல் மாதத்தைத் தாண்டிய தொட்டிகளில் அதிக மீன்கள் சாவது இந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. மீனை எல்லாம் பக்கெட்டுக்கு மாற்றி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லை அரிசி களைவது மாதிரி களைந்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் தெளிந்த தண்ணீர் வரும் வரை பிழிந்து, கண்ணாடியைத் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவோம். தொட்டி புதுசாக மின்னும். செவ்வாய், புதனில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். ஒன்றரை மாதம் வளர்ந்த பாக்டீரியா ஒரே மணி நேரத்தில் வடிகாலுக்குப் போய்விட்டதுதான் காரணம். அக்கறையோடு செய்த வேலையே மீனைக் கொன்றுவிடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரியான முறை இதைவிடச் சுலபம். மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். ட்யூப் போட்டு அடியில் கல்லுக்குள் இருக்கும் அழுக்கோடு கால்பங்கு தண்ணீரை ஒரு பக்கெட்டில் இறக்குங்கள். மீனுக்கென்று தனி பக்கெட், சோப்புப் படாத பக்கெட். இப்போது ஸ்பாஞ்சை எடுக்க வேண்டும். அப்படியே தூக்கினால் அதில் உள்ள அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். ஒரு பாலிதீன் பையைத் தண்ணீருக்குள் விட்டு, ஸ்பாஞ்சைப் பைக்குள் இழுத்து, பையோடு சேர்த்து வெளியே எடுங்கள்.

பக்கெட்டில் உள்ள பழைய தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சை நாலைந்து முறை அமுக்கிப் பிழியுங்கள். காப்பி நிறத்தில் அழுக்கு வரும். பழுப்பு நிறம் முழுவதும் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும். மாட்டி ஓடவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக நிரப்புங்கள். அரைமணி நேர வேலை. பக்கெட்டில் மிஞ்சிய தண்ணீரைக் கறிவேப்பிலை, ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? காலண்டரைப் பார்க்காமல் ஃபில்டரைப் பாருங்கள். குமிழ் குறைந்தால், மோட்டாரிலிருந்து விழும் தண்ணீரின் வேகம் தளர்ந்தால் கழுவும் நேரம். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் வரும். வாரம் வாரம் அடைத்துக்கொண்டால் தீனி அதிகம் அல்லது மீன் அதிகம். செராமிக் வளையங்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பழைய தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும். வெள்ளைப் பஞ்சை மட்டும் தாராளமாக மாற்றலாம். ஸ்பாஞ்ச், வளையம் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். "மாதம் ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றவும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பின்பற்ற வேண்டாம். கிழிந்தால் மாற்றுங்கள், அதையும் புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்ட பிறகு.

ஸ்பாஞ்சில் சோப்பு, டிட்டர்ஜென்ட், டெட்டால் எதுவும் படக் கூடாது. கையிலும் அவை இருக்கக் கூடாது.

மோட்டாரும் ஏர் பம்பும்

மோட்டார் வகைகளில் முன்மூடியைக் கழற்றினால் ஒரு சின்ன காந்த உருளையும் அதன் தலையில் விசிறியும் இருக்கும். அதுதான் இம்பெல்லர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெதுவாக வெளியே இழுங்கள். காந்தத்தைச் சுற்றி வழவழவென்று பழுப்புப் படலம் இருக்கும். துணியால் துடையுங்கள், அது உட்காரும் குழியை இயர் பட்ஸால் துடையுங்கள். நடுவில் உள்ள கம்பி பல மாடல்களில் செராமிக். வளைத்தால் படக்கென்று முறியும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். இம்பெல்லரை அரைமணி நேரம் வினிகரில் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் போய்விடும். பாக்டீரியா குடியிருக்கும் பாகம் இது இல்லை என்பதால் இதைக் குழாயடியில் கழுவலாம்.

மோட்டார் கடகடவென்று சத்தம் போட்டால் பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருக்கும் அல்லது மணல் புகுந்திருக்கும். சாய்த்து ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ஹேங்-ஆன் ஃபில்டரில் அருவிச் சத்தம் என்றால் தொட்டித் தண்ணீர் குறைந்திருக்கிறது, நிரப்புங்கள். ஏர் பம்ப் உறுமினால் அடியில் ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டை வையுங்கள். சத்தம் அப்படியே இருந்து காற்று மட்டும் குறைந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் தளர்ந்திருக்கும். தனியாக வாங்கி மாற்றலாம், பம்பைத் தூக்கிப்போட வேண்டாம்.

பச்சைத் தண்ணீருக்கு ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் தொட்டியில் பாசி வரும். தொட்டியை நகர்த்துங்கள், விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

மீனுக்கு நோய் வந்தால் மருந்தை முழுத் தொட்டியில் ஊற்றாமல், நோயுற்ற மீனைத் தனி டப்பில் வைத்துக் கொடுங்கள். கடைகளில் நீல மருந்து என்று தரும் மெத்திலீன் புளூவும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் ஃபில்டர் பாக்டீரியாவையும் அழிக்கக்கூடும்.

கரன்ட் போகும் நாட்கள்

பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தால், முந்தைய இரவும் அன்று காலையும் தீனி போடாதீர்கள். மீன் குறைவாகக் கழிக்கும், ஆக்சிஜனும் குறைவாகவே செலவாகும். ஏர் பம்ப் வெறும் ஐந்து வாட் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் சார்ஜ் ஏறும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

திறந்த தண்ணீரில் நிற்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சில மணி நேரம் தாங்கும். மூடிய கேனிஸ்டர் தாங்காது. நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அதை அப்படியே ஓடவிடாமல், திறந்து உள்ளே தேங்கிய நாற்றத் தண்ணீரைக் கொட்டி, பழைய தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு ஓடவிடுங்கள். அடுத்த இரண்டு நாள் அமோனியா பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போதும் ஃபில்டர் ஓட வேண்டும். மூன்று நாலு நாள் என்றால் வளர்ந்த மீன்களுக்குத் தீனிக்கு யாரையும் ஏற்பாடு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்போடு அள்ளிப் போடும் தீனி ஃபில்டர் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஃபில்டரைக் கழுவாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

எல்லாம் நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு இன்னொரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, அதே பம்பில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, தொட்டியின் மறு மூலையில் ஓடவிடுங்கள். ஒரு மாதத்தில் அதுவும் பாக்டீரியாவோடு தயாராகிவிடும். மீனுக்கு உடம்பு சரியில்லாமல் தனி டப்பில் வைக்க வேண்டி வந்தாலும், கப்பிக் குட்டிகளைப் பிரிக்க வேண்டி வந்தாலும், அதை எடுத்து அங்கே போட்டால் அன்றைக்கே வேலை செய்யும். மருந்து டப்பில் போட்டதை மட்டும் திரும்பப் பெரிய தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். அந்த ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த உபயோகத்துக்குப் புதியதை மாட்டி ஓடவிடுங்கள்.